போர்வைக் கடைக்காரரின் கிழிந்த சட்டை

கல்லூரி விடுதியில் சேர்ந்திருந்த என் மகளுக்குப் போர்வை வாங்கத் தி.நகர் சந்து ஒன்றில் நுழைந்தபோதுதான் அந்தக் கடைக்காரரைப் பார்த்தேன். மொடமொடவென்று சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம், விரலில் கல் மோதிரம். நான் எட்டாவதோடு நின்றவன். காலேஜ் செலவெல்லாம் எனக்குப் பிடிபடாது. "மாசாமாசம் எவ்ளோ அனுப்பறதுன்னு நெனச்சாலே தூக்கம் போவுதுங்க" என்று அவரிடம் புலம்பினேன்.

"இன்னா சார், இதுக்குப் போய் பயந்துகினு! என் புள்ளயும் கோயமுத்தூர் ஹாஸ்டல்லதான் கீறான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மகனிடமிருந்து வீடியோ கால் வந்தது. மனிதர் மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கல்லாவுக்கு அடியிலிருந்து காலர் கிழிந்த சட்டை ஒன்றை எடுத்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். "இதப் பாத்தா அவனே கம்மியாத்தான் கேப்பான்" என்று கண்ணடித்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

"நைனா, இன்னும் அதே சட்டையா? இந்த மாசம் காசே அனுப்பாத. நான் மெஸ்ல பரிமாறி சமாளிச்சிக்கிறேன். ஒரு வேள துன்னா போதும் எனக்கு" என்றான் மகன்.

போனை வைத்தவர் கிழிந்த சட்டையைக் கழற்றினார். பிறகு, அதே போனில் மகனுக்கு வழக்கமாக அனுப்புவதைப்போல இரண்டு மடங்கு பணம் அனுப்பினார். "நெசமா சொல்றானா, எனக்கே நடிச்சிக் காட்றானா? ஒண்ணும் புரியல சார்" என்றார்.

எனக்கு மட்டும் புரிந்ததா? அன்று மாலை மகள் போன் செய்தாள். பணம் எதுவும் கேட்கவில்லை. "அப்பா, நீ வேளாவேளைக்குச் சாப்புடறியா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு வேர்த்துவிட்டது.