செங்கமலம் கேட்ட சல்யூட்

அடுத்தவள் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் எங்கள் பிளாக்கில் நிறைய உண்டு. பக்கத்து குவார்ட்டர்ஸ் செங்கமலம் பொறாமைப்பட்டது ஒரு சல்யூட்டுக்கு.

அவள் கணவர் கொளஞ்சிநாதனும் கோவில்பட்டிக்காரர் கருப்பசாமியும் பட்டாளத்துத் தீயணைப்புப் பிரிவில் ஒன்றாக இருந்தவர்கள். நெய்வேலித் தீயணைப்பு நிலையத்துக்கும் சேர்ந்தேதான் வந்தார்கள். எழுபத்தொன்பது கோடையில் நிலக்கரிக் குவியல் பற்றிக்கொண்டபோது இருவரும் ஒரே தண்ணீர்க்குழாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குவியல் சரிந்து, முன்னால் போன கருப்பசாமியை நெருப்பு மூடிவிட்டது. பின்னால் நின்ற கொளஞ்சிநாதன் பிழைத்தார்.

ஏப்ரல் பதினாலு, தீயணைப்பில் உயிர்விட்டவர்களுக்கு மரியாதை செய்யும் நாள். கருப்பசாமியின் மனைவி சுப்புலட்சுமி அவர் படத்தருகே நிற்பாள். நெருப்புக்குள் கூடப் போன ஆள், அதாவது கொளஞ்சிநாதன், நேரே வந்து அவளுக்கு சல்யூட் அடித்து மாலையைக் கொடுக்க வேண்டும். அது அந்த நிலையத்து வழக்கம்.

அந்த நாள் பார்த்து வருஷப் பிறப்பும் வந்து தொலைக்கும். வடைக்கு அரைத்துக்கொண்டே செங்கமலம் பொரிந்து தள்ளுவாள்.

"வூட்ல இருக்கிறவள நிமுந்து பாக்க மாட்டாருக்கா. அங்க போயி அவ மூஞ்சியவே பாத்துகினு வெறப்பா நிப்பாரு. என்னிக்காவது எனக்கு அப்பிடி ஒரு மரியாத உண்டா?"

புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்த்து வயிறெரிகிறவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

எண்பத்து மூன்றில் சுப்புலட்சுமி அம்மை வார்த்துப் படுத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கோவில்பட்டியில். நிலையத்துக் குடும்பங்களில் யாராவது ஒரு பெண் அவளுக்குப் பதிலாக நிற்கட்டும் என்று அதிகாரி சொல்லியனுப்பினார். செங்கமலம் முந்திக்கொண்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா அங்க போய் நிக்கலாமாடி? தாலியறுத்தவ நிக்கிற எடம்டி அது" என்று தடுத்துப் பார்த்தேன்.

"ஒரே ஒரு தடவ எனக்கும் கெடைக்கட்டுங்க்கா" என்று அரக்குப் பட்டும் தலை நிறையக் கதம்பமுமாகக் கிளம்பிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை, கூடவே போனேன்.

வெயில் ஏறுவதற்குள் அணிவகுப்பு முடிந்தது. கொளஞ்சிநாதன் பூட்ஸ் அதிர நடந்து வந்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அத்தனை பூரிப்பு இருக்காது, செங்கமலத்தின் முகத்தில் இருந்தது. எதிரே நின்று கையை நெற்றிக்கு உயர்த்தினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. உதடு அசைந்தது. முன்வரிசையில் இருந்த என் காதிலும் விழுந்தது.

"மன்னிச்சிடும்மா. நான் முன்னால போயிருக்கணும்."

வருஷா வருஷம் அவர் சுப்புலட்சுமியிடம் சொல்லி வந்தது இதுதான். பழக்கத்தில் இவளிடமும் சொல்லிவிட்டார்.

செங்கமலத்துக்கு முகம் வெளிறிப்போனது. ஒரு கை தாலியை இறுகப் பிடித்தது. அடுத்த நொடி, அத்தனை அதிகாரிகள் பார்க்க, பாய்ந்து போய் அந்த விறைத்த கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"எறக்குங்க! எனக்கு எதுக்கு இது? நீங்கதான் உசுரோட நிக்கிறீங்களே!"