இரண்டு குடும்பத்துக்கு ஒரு வீடு

இந்த நாட்டில் முன்பின் தெரியாத ஒருவரின் படுக்கையறைக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழையலாம். அலுமாரியைத் திறந்து ஆழம் பார்க்கலாம். குளியலறையில் அவர்களுடைய பிரஷ் இன்னும் ஈரமாக இருக்கும், அதையும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். யாரும் கோபிக்கமாட்டார்கள். வீடு விற்பனைக்கு என்று வாசலில் பலகை நட்டவர்கள், நாங்கள் வரும் நேரத்துக்கு நாயையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அப்படி ஒரு கோடைகாலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில், நானும் தம்பி வசந்தனும் பிறத்தியார் வீடுகளுக்குள் புகுந்து திரிந்தோம். கதவுத் திறப்போடு முன்னால் ஹெலன் போவார்.

ஹெலன் எங்களுக்கு வீடு பார்த்துத் தரும் ஏஜென்ற். ஸ்காபரோவில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழ் ஏஜென்றின் மேல்தான் விழவேண்டும். ஆனால் அவர்களிடம் போனால் எங்கள் கையிருப்பு அடுத்த கலியாணவீட்டுப் பந்தியில் பரிமாறப்பட்டுவிடும் என்று பயந்து, நான்தான் தேடிப்பிடித்து ஒரு வெள்ளைக்காரியிடம் போனேன். அவர் முதல் நாளே ஒரு ஒப்பந்தத்தை நீட்டினார். ஆறு மாதத்துக்கு அவர் மூலம்தான் வீடு வாங்கவேண்டும், வேறு ஏஜென்றிடம் போகக்கூடாது. சேர்ந்து வாங்குவதால் இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். நான் வைத்தேன். வசந்தனும் வைத்தான்.

ஒரே வீடு என்பது என்னுடைய ஆசை. நான் கனடாவுக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகு அவன் வந்தான். ஒரு பேஸ்மென்ற் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரு மெத்தை. எனக்கு இரவு வேலை, அவனுக்குப் பகல். நான் வந்து விழும்போது மெத்தையில் அவனுடைய சூடு இருக்கும், அவன் இருக்கமாட்டான். ஒரே மெத்தையில் படுத்தும் அவனோடு ஆறுதலாக இருந்து கதைத்த நாட்கள் குறைவு. பிறகு இருவருக்கும் கலியாணமாகி, என் மனைவி ராணி, அவனுடைய மாலா, எங்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரு அப்பார்ட்மென்றில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். பெரிய வீடாக ஒன்று வாங்கிவிட்டால் தம்பியோடு இருக்காமல் போன காலத்தையெல்லாம் இருந்து தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

வசந்தனுக்கு ஒரு வீடும் பிடிக்கவில்லை. முதல் வீடு தெருக்குத்து, நேரே வரும் ரோடு வாசலில் வந்து முட்டுகிறது என்றான். அடுத்தது தெற்கு வாசல். அதற்கடுத்ததில் சமைக்கிற குசினிக்கு மேலே கக்கூஸ். ஊரில் கோயிலுக்கே இழுத்துக்கொண்டு போகவேண்டிய பயல், இங்கே வாஸ்து சாத்திரியாகிவிட்டான் என்று ராணியிடம் சொல்லிச் சிரித்தேன். ஹெலன் சலிக்கவில்லை. எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு, கடைசியில் தானே ஒரு திசைகாட்டியோடு வரத் தொடங்கினார்.

அப்படித்தான் மில்லிக்கன் என்ற பகுதியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். கிழக்கு வாசல். தெருக்குத்து இல்லை. கீழே இன்னொரு குசினி. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வசந்தன் குசினியில் நின்று பைப்பைத் திறந்தான், பூட்டினான், திரும்பத் திறந்தான்.

"அண்ணை, தண்ணி வரத்துக் காணாது."

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்? கனடாவில தண்ணிக்கென்ன பஞ்சமே?"

அவன் பைப்பை இறுகப் பூட்டினான். ஹெலன் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உங்கள் தம்பிக்கு இந்த வீடு வேண்டாம், எந்த வீடும் வேண்டாம் போலிருக்கிறது. விரும்பினால் ஒப்பந்தத்தை இப்போதே முடித்துக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமுமில்லை என்றார். அவனுக்குத் தண்ணீர் விசயத்தில் கொஞ்சம் கவனம் கூட என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கத்தை நான் அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது கார் முழுக்க என் சத்தம்தான்.

"பாத்தியே, எங்களைக் கழட்டிவிடப் பாக்கிறா உவ. அலைக்கழிச்சுப் போட்டமாம். கொன்ராக்டை முடிப்பமாம்!"

வசந்தனும் சேர்ந்து ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடட்டுமே, அண்ணை," என்றான்.

அடுத்த சிக்னலில் பச்சை விழுந்ததும் தெரியாமல் நின்றேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"பிறம்ரனில வெயார்ஹவுஸ் வேலை சரிவந்திட்டுது, அண்ணை. மாலான்ர ஆக்களும் அங்கதான், நாங்கள் தனிய அங்க போய் இருக்கப்போறம். உங்கட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமக் கிடந்தது. அதுதான் வீடுகளில பிழை பிடிச்சனான்."

ஹெலனுக்கு எப்போதோ விளங்கிவிட்டது. அவனைத் தூக்கி வளர்த்த எனக்கு விளங்கவில்லை.

பிறகு யோசித்தேன். ஊரில் இருந்திருந்தாலும் நாங்கள் ஒரே வீட்டில் இருந்திருக்கப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான் சீதனமாகப் போகும். கலியாணம் முடிந்ததும் நான் ராணி வீட்டுக்குப் போயிருப்பேன், அவன் மாலா வீட்டுக்கு. மேளம் அடித்து, பலகாரம் சுட்டு, சிரித்துச் சிரித்துப் பிரித்து விட்டிருப்பார்கள். நாங்களும் பிரிகிறோம் என்றே தெரியாமல் போயிருப்போம். அண்ணன் தம்பி ஒரு கூரைக்குக் கீழே என்பது அகதியாக வந்த இடத்தில் நானாக உண்டாக்கிய வழமை. அதனால்தானோ என்னவோ, அதைக் கைவிட எனக்கு இவ்வளவு வலித்தது.

ஹெலனின் ஒஃபிஸில் இருவரும் அருகருகே இருந்தோம். ஒப்பந்தத்தை முடிக்கும் பத்திரத்தை மேசையில் வைத்து, இருவரும் கையெழுத்து வைத்தால் சரி என்றார். பேனா வசந்தனின் பக்கம் கிடந்தது. அவன் அதை எடுத்து, துடைத்து, என்னிடம் நீட்டினான்.

"நீங்கள் முதல் வையுங்கோ, அண்ணை."

பிரிவதற்கும் மூத்தவன்தான் முதல். வைத்தேன். அவனும் வைத்தான். ஹெலன் எழுந்து இருவருக்கும் தனித்தனியாகக் கைகொடுத்தார்.

ஒரு கிழமைக்குப் பிறகு பத்திரத்தின் பிரதிகள் அப்பார்ட்மென்ற் கீழ் வாசலில் இருக்கும் எங்கள் தபால்பெட்டிக்கு வந்தன. இரண்டு கடித உறைகள், இரண்டு பெயர்கள், ஒரே விலாசம். வழமையாக அவனுடைய தபாலையும் நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்கு என்னுடையதை எடுத்துக்கொண்டு, அவனுடையதை உள்ளேயே விட்டுப் பெட்டியைப் பூட்டினேன். லிஃப்ற் வந்தது, கதவு திறந்தது, திரும்ப மூடிக்கொண்டது. நான் இன்னும் பெட்டிக்கு முன்னால்தான் நின்றேன்.