சிபாரிசுக்கு வாசித்த பேண்டு

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் எந்தப் பள்ளிக்கூடத்தையும் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் நன்றி சொல்லும் முறையைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த இன்னும் ஒருத்தர் பிறக்கவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் அந்தக் காலத்தில் என் பேண்டு செட் இல்லாமல் கல்யாணமும் கிடையாது, சாவும் கிடையாது. சுரங்கத்துக்குள் கல் அள்ளிக்கொண்டிருந்தவன் நான். நானாக ஊதிப் பழகி, ஆள் சேர்த்து, சிவப்புக் கோட்டு தைத்துப் போட்டு, தங்கவயல் முழுக்க ட்ரம்பெட்டாலேயே பெயர் வாங்கினேன். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

எங்கள் ஊரில் நன்றிக்கு ஒரு முறை இருந்தது. மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னால்தான் சுரங்கத்தில் வேலை. வேலை கிடைத்தவன் முதல் ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் மாலை வாங்கிக்கொண்டு, பேண்டு முன்னால் போக, மேஸ்திரி வீட்டுக்கு நடப்பான். அந்த லைன் வீடுகளில் குடியிருக்கும் அத்தனை பேரும் வெளியே வந்து பார்க்கவேண்டும். யார் சொல்லி யாருக்கு வேலை கிடைத்தது என்பது ஊருக்குத் தெரிந்தால்தான் அது நன்றி. காதோடு சொல்வதெல்லாம் காதலுக்குச் சரி.

அறுபதுகளின் கடைசியில் என் தங்கை கோலார் காலேஜில் பி.எஸ்ஸி. முடித்தாள். எங்கள் லைனில் முதல் டிகிரி. படிக்க வைத்தது நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன். பெங்களூரில் எம்.எஸ்ஸி.க்கு மனு போட்டிருந்தாள். பாடம் எடுத்த பேராசிரியர்கள் இரண்டு பேர் சிபாரிசுக் கடிதம் எழுதி, அவர்களே தபாலில் அனுப்பவேண்டுமாம். அந்த வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் மனு குப்பைக்கு. கணக்குப் பேராசிரியர் அனுப்பிவிட்டார். கெமிஸ்ட்ரி பேராசிரியரும், "ஆச்சும்மா, ஆச்சு" என்றாராம்.

"அப்போ அவருக்கு மரியாதை செய்யணுமே" என்றேன்.

தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ணா, நீ ஒண்ணும் செய்ய வாணாம். சீட்டு கெடச்சப்புறம் நானே நாலு வரி நன்றி எழுதிக் குடுப்பேன். காலேஜுல அதான் முறை. முன்னாடியே எதனா எடுத்துனு போனா லஞ்சம்னு நெனப்பாங்க."

"லஞ்சம்னா ஒளிச்சுக் குடுக்கறது. நான் இன்னா ட்ரம்பெட்ட ஒளிச்சா ஊதப்போறேன்? நாலு வரி எழுதுனா யாரு பாப்பாங்க?"

"அவரு பாப்பாரு. போதும்."

"அவரு பாத்து இன்னா பண்றது? ஊரு பாக்கணும்."

"உன் கால்ல விழறேன்ணா. இந்த சீட்டு போச்சுன்னா எனக்குக் கல்யாணம்தான். அம்மா மாப்பிள்ளைய தேட ஆரம்பிச்சிட்டாங்க."

"உன் கல்யாணத்துக்கும் நான்தான வாசிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை செட்டோடு கோலார் பஸ் ஏறினேன். பெரிய மேளம் கூரைமேல். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "கல்யாணமா, சாவா?" என்றார். "சிபாரிசு" என்றேன்.

காலேஜ் வாசலிலேயே வாசிக்க ஆரம்பித்தோம். வகுப்புகளெல்லாம் தானாகக் காலியாயின. கெமிஸ்ட்ரி பேராசிரியர் கையில் சாக்பீஸோடு வெளியே வந்தார். மாலையைப் போட்டேன். அங்கேதான் எங்கள் முறையும் அவர்கள் முறையும் முட்டிக்கொண்டன. காலேஜில் வாத்தியாருக்கு மாலை விழுந்தால், ஒன்று ரிட்டயர்மெண்ட், இல்லை டிரான்ஸ்ஃபர். இவருக்கு ரிட்டயராகும் வயதில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த பிசிக்ஸ் பேராசிரியர் வாயெல்லாம் பல்லாக அவர் கையைக் குலுக்கினார். பிரின்ஸிபால் ஓடிவந்து, "எனக்குத் தெரியாம எப்போ ஆர்டர் வந்தது?" என்றார். மாலைக்குள் முழித்துக்கொண்டிருந்த கெமிஸ்ட்ரிக்காரர் என்னைப் பார்த்து, கன்னடம் கலந்து, "ஏன்ரீ, என்னை எந்த ஊருக்குப் போட்டிருக்காங்க?" என்றார்.

நான் கையைத் தூக்கிப் பேண்டை நிறுத்தினேன். "டிரான்ஸ்ஃபரும் இல்ல, ஒண்ணும் இல்ல! எந்தங்கச்சிக்கு சிபாரிசுக் கடுதாசி எழுதி அனுப்பின மகராசனுக்கு மரியாதை!"

பையன்கள் கைதட்டினார்கள். பிசிக்ஸ்காரர் பல்லை உள்ளே இழுத்துக்கொண்டார். பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் வந்துவிட்ட என் தங்கை தூணுக்குப் பின்னால் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் மட்டும் சந்தோஷப்படவில்லை. மாலையைச் சரிசெய்கிற மாதிரி என் பக்கம் குனிந்தார்.

"இன்னும் எழுதலை. நாளைக்கு எழுதலாம்னு இருந்தேன்."

பத்து ஊர் கல்யாணத்தில் ஓடிப்போன மாப்பிள்ளைகளைப் பார்த்தவன் நான். இதற்கெல்லாம் அசருவேனா? "அதனால இன்னா சார்? போய் எழுதுங்க. முடிக்கிற வரைக்கும் நாங்க வாசிச்சினு இருக்கோம்" என்றேன், நானும் அவர் காதோடு.

எழுதினார். கழற்றினால் கேள்வி வரும் என்று மாலையோடே உட்கார்ந்து எழுதினார். ஜன்னலுக்கு வெளியே நாங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் வாசித்தோம், படித்தவர் யோசிக்கவேண்டுமே. கவரை ஒட்டிக்கொண்டு அவர் வெளியே வந்ததும், தனியாக விடுவது மரியாதையில்லை என்று போஸ்டாபீஸ் வரைக்கும் முன்னால் வாசித்துக்கொண்டே கூட்டிப்போனோம். கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். எந்தக் கட்சி வேட்பாளர் என்று ஒருவர் கேட்டார். கடிதம் பெட்டிக்குள் விழுந்ததும் பெரிய மேளத்தில் ஓர் அடி.

திரும்பும் பஸ்ஸில் தங்கை எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பேதமங்கலம் தாண்டியதும், "சத்தமா வாசிச்சீங்க" என்றாள். 'நீ' போய் 'நீங்க' வந்தால் எங்கள் வீட்டில் கடுங்கோபம் என்று அர்த்தம். சீட்டு கிடைத்த அன்றுதான் 'நீ' திரும்பி வந்தது. அவள் தன் முறைப்படி பேராசிரியருக்கு நாலு வரி எழுதினாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

அதற்குப் பிறகு தங்கவயல் பிள்ளைகள் யார் சிபாரிசு கேட்டுப் போனாலும், "உங்க வீட்ல யாராவது பேண்டு வாசிக்கறாங்களா?" என்றுதான் அந்தப் பேராசிரியர் முதலில் கேட்பாராம். இல்லை என்றாலும் அன்றைக்கே எழுதித் தபாலில் சேர்த்துவிடுவாராம். எங்கள் ஊர்க்காரன் சொல்லும் 'இல்லை'யை அவர் நம்பத் தயாராக இல்லை.