தேங்காய் எண்ணெய் பூசிய கையுறைகள்

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் எனக்கென்று ஒரு கம்பிக் கூண்டு உண்டு. நீளம் ஆறு காலடி, அகலம் நான்கு. அதற்குள் முப்பத்தொரு பழைய பேஸ்போல் கையுறைகள் வைத்திருந்தேன். இங்கே ஜெர்மனியில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினர் விட்டுப்போனவை. அவர்களுடைய முகாமில் துப்புரவு வேலை செய்த நாட்களில் எட்டைக் குப்பையிலிருந்து எடுத்தேன். மற்ற இருபத்துமூன்றும் ஞாயிறுச் சந்தைகளில் வாங்கியவை. அந்த விளையாட்டை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்த கொஞ்சமும் அலுப்பு. எனக்குப் பிடித்தது அந்தத் தோல்வேலைதான். ஒவ்வொன்றிலும் எத்தனை துளை, எத்தனை முடிச்சு என்று எண்ணிக் கொப்பியில் எழுதினேன்.

அவற்றை நிலவறைக்கு அனுப்பியது மனைவி.

"மாட்டுத்தோல், அதுவும் ஆரோ வேர்வை விட்டது. சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ள வேண்டாம்."

"உம்மட கைப்பை என்ன தோலாம்?"

"அது வாசலோட நிக்குது."

போன இலையுதிர் காலத்தில் தோல் வெடிக்கத் தொடங்கியது. கடையில் தோலுக்கென்று விற்கும் களிம்பைத் திருப்பிப் பார்த்தேன். விலங்குக் கொழுப்பு என்று இருந்தது. எந்த விலங்கு என்று இல்லை. பன்றியாகத்தான் இருக்கும் என்று திரும்ப வைத்துவிட்டேன். தலை, முழங்கால், கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் பூசி வளர்ந்தவன் நான். இரண்டு போத்தல் வாங்கி, நல்லவையாகத் தெரிந்தெடுத்து இருபத்திரண்டுக்கு இரண்டு தரம் பூசினேன். எண்ணெய் முடிந்துவிட்டது. மட்டமான ஒன்பதை அப்படியே மூலையில் போட்டேன்.

பிறகு முழங்கால் நோவால் ஏழு கிழமை கீழே இறங்கவில்லை. கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: நிலவறையில் துர்நாற்றம், பூஞ்சணம். பதினான்கு நாளுக்குள் துப்புரவாக்காவிட்டால் கூண்டில் உள்ள எல்லாவற்றையும் அகற்றுவார்கள்.

மனைவியோடு இறங்கினேன். நான்காவது படியிலேயே மணத்தது. கெட்டுப்போன எண்ணெய்ச் சட்டிக்குள் நனைந்த நாயை அடைத்து வைத்தது போல. எண்ணெய் பூசிய கையுறைகளின் உள்ளங்கையில் பச்சையும் வெள்ளையுமாக மயிர் முளைத்திருந்தது. ஒன்றை எடுத்தேன். விரல் வழுக்கியது.

மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இஞ்சருங்கோ, சாமிக்கு எண்ணெய்க்காப்புச் சாத்தினமாதிரி எல்லே சாத்தி வைச்சிருக்கிறியள். தீபம் மட்டும்தான் காட்டேல்லை."

வினாகிரி போட்டுத் துடைத்தேன். பல்கனியில் காயவைத்தேன். மூன்றாம் நாள் பூஞ்சணம் திரும்பி வந்தது. எண்ணெய் உள்ளே ஊறிவிட்டது. துடைக்கத் துடைக்க வெளியே கசிந்தது. விரல்கள் பிரியாத, தலையணை போலத் தடித்த ஒரு கையுறை உண்டு, துடுப்பாட்டக்காரனுக்குப் பின்னால் குந்தியிருப்பவன் போடுவது. அதையாவது காப்பாற்ற ஐந்து நாள் பாடுபட்டேன். ஆறாம் நாள் தையல் விட்டு, உள்ளே அடைத்திருந்த பஞ்சு பழுதான சோறு போல என் மடியில் விழுந்தது.

"இனி ஏலாது, விடுங்கோ" என்றாள் மனைவி, பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தபடி. இருபத்திரண்டையும் நான்கு பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கையை ஏழு தரம் கழுவினேன். நாற்றம் போகவில்லை. இதை எனக்குச் செய்தவன் நான்தான் என்பது அதைவிட நாறியது.

பதினான்காம் நாள் கட்டடப் பராமரிப்பாளன் வந்தான். எண்ணெய் படாத ஒன்பதையும் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"இவை நல்லாக இருக்கின்றன" என்றான் ஜெர்மனில். "இவற்றை எப்படிப் பராமரித்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை" என்றேன்.

"அதுதான் சரி" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

அந்த ஒன்பதும் கூண்டில் இருக்கின்றன. வெடித்த தோல், கோணல் விரல். நான் ஆசைப்பட்டது ஒன்றுகூட அதில் இல்லை. பார்த்தாலே எரிச்சல். ஆனாலும் கிழமைக்கு ஒரு தரம் இறங்கிப்போய், தொடாமல், எண்ணிவிட்டு வருகிறேன்.