பருத்திப்பட்டில் விழுந்த பனி

சென்னையின் மேல் சுப்பராயனுக்கு இருந்த முதல் குறை, அதற்குக் குளிர்காலம் இல்லை என்பது. பருத்திப்பட்டு ஏரிக்கரை அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தக் குறையைப் பதினோரு வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். மார்கழியில் யாராவது மப்ளர் சுற்றிக்கொண்டு லிஃப்டில் ஏறினால் போதும். "இருபத்திரெண்டு டிகிரிக்கு மப்ளர்" என்று மூக்கைச் சுளிப்பார். கேட்டவர் பேசாமல் இரண்டாவது மாடியில் இறங்கிக்கொள்வார். வீடு ஐந்தாவது மாடியில் இருந்தாலும் இறங்கிக்கொள்வார்.

இவ்வளவு வாய் பேசுகிற மனிதர் தன் அறுபத்தாறு வயதில் பனியைப் பார்த்தது மொத்தம் நான்கு நாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருந்தபோது, தொண்ணூற்றெட்டில், மனைவி சரசாவோடு மணாலிக்குப் போனார். ஆறு ஃபிலிம் ரோல், இருநூற்றுப் பதினாறு படம் எடுத்தார். ஒன்றில்கூட சரசா இல்லை. "மனுஷங்க வந்தா காட்சி கெட்டுடும், தள்ளிக்கோ" என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் நான்கு நாளும் தள்ளித் தள்ளி நின்று விறைத்துப் போனாள். அங்கே அவர் ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லா வாங்கினார். அரை மைலுக்கு அப்பாலிருந்தும் கண்ணை அடிக்கும் சிவப்பு. ஊர் திரும்பிய பிறகு அந்தக் குல்லாவும் இருநூற்றுப் பதினாறு படங்களும் ஒரு கோணிக்குள் போய், வீடு மாறும்போதெல்லாம் கூடவே மாறி, கடைசியில் பருத்திப்பட்டு வீட்டின் பரணில் ஏறின. ஏறியதோடு சரி, இறங்கவே இல்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், மேலே கையைக் காட்டி, "என் வேலையெல்லாம் அங்க இருக்கு" என்பார். யாரும் எடுத்துக் காட்டச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்றதும் பெரிய கேமரா ஒன்று வாங்கினார். மகன் நிர்மல் கனடாவிலிருந்து வீடியோவில் வந்து, "இங்க பனியை வாரித் தள்ளியே முதுகு போச்சுப்பா" என்று புலம்பினால், முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "கொஞ்சம் போனைத் திருப்பு, வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கறேன்" என்பார்.

குடியிருப்பில் ஒரு கேமரா குழு உண்டு. பி பிளாக்கில் இருக்கும் ஸ்வாதி என்ற ஐ.டி. பெண் அதை நடத்துகிறாள். வருஷா வருஷம் குடியரசு தினத்தன்று கீழே விழா அரங்கில் கண்காட்சி நடக்கும். தேர்வாகும் பன்னிரண்டு படங்களுக்குச் சட்டம் போட்டு, எடுத்தவர் பெயர் எழுதி, ஒரு வருஷம் முழுக்கச் சுவரில் மாட்டி வைப்பார்கள். அந்தச் சுவரில் தன் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான் சுப்பராயனுக்கு. மூன்று வருஷமாக வரவில்லை. போன வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன் செல்போனில் எடுத்த நாய்க்குட்டி படம் வந்தது. அதிலிருந்து அவர் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அரங்கில் எந்தப் பிறந்தநாள் விழா நடந்தாலும் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

இந்த வருஷத் தலைப்பு 'குளிர்காலக் காட்சிகள்' என்று ஸ்வாதி அறிவித்தபோது, உலகம் கடைசியில் தன் வழிக்கு வந்துவிட்டதென்று அவர் நினைத்தார். அடுத்த வரியில் மண் விழுந்தது. படம் இந்த வருஷக் குளிரில், ஆவடி சுற்றுவட்டாரத்தில் எடுத்ததாக இருக்கவேண்டும்.

"ஆவடியில குளிர்காலத்தை எங்கம்மா போய்த் தேடறது?" என்று நேரில் போய்ச் சண்டைக்கு நின்றார்.

"நம்ம ஏரியிலயே தேடலாம் அங்கிள். விடியக்காலம் வந்து பாருங்க, தண்ணி மேல லேசா பனி படர்ந்து இருக்கும். அதைப் பாத்துட்டுதான் எனக்கு இந்தத் தலைப்பே தோணுச்சு."

"அதுக்குப் பேர் பனி இல்ல, ஈரம்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனாலும் போனார். மார்கழி பிறந்ததிலிருந்து தினம் ஐந்தரை மணிக்கு ஏரிக்கரையில் கேமரா முக்காலியை நட்டுவைத்து நிற்பார். நடைபாதையில் போகிறவர்களைக் கையை ஆட்டி விரட்டுவார். "ஃபிரேம்ல வராதீங்க சார். அந்தப் பக்கமா போங்க." மக்கள் வரிகட்டிப் போட்ட பாதையில் மக்களையே நடக்கவிடாத ஆளை அந்த வருஷம்தான் பருத்திப்பட்டு பார்த்தது. அப்படி விரட்டி எடுத்த படங்களில் ஏரி கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. அதில் குளிருமில்லை, காலையுமில்லை. குறை கேமராவில் இல்லை, கண்ணில் என்று அவருக்கு யார் சொல்வது?

இதற்கிடையில் டிசம்பர் புயலில் பரண் ஓதம் ஏறி, கோணி நனைந்து நாற்றம் எடுத்தது. போகிக்கு முந்தின நாள் சரசா அதைக் கீழே இறக்கினாள். படங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி வந்தன. ஃபிலிம் சுருள்கள் பூஞ்சை பூத்திருந்தன. குல்லா மட்டும் அடியில் பிளாஸ்டிக் பையில் இருந்ததால் தப்பித்தது.

"ஏங்க, உங்க பழைய கோணி நனைஞ்சு பாழாயிடுச்சு. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

சுப்பராயன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எதையாவது பண்ணு. எனக்கு வேலை இருக்கு."

சரசா குரலை உயர்த்தாமல் இன்னொரு முறை கேட்டாள். அதற்கும் அவர் திரும்பவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் அங்கம்மாவிடம் சரசா கோணியைக் கொடுத்து, போகியில் போட்டுவிடச் சொன்னாள். குல்லாவைத் தட்டி, "இதை நீ போட்டுக்கோ, காலையில பனியில வரியே" என்று அவள் கையில் வைத்தாள்.

அங்கம்மாவின் வீடு எதிர்க்கரையில், மதகோரம். அவளுடைய மாமனார் காலத்தில் இந்த ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். இப்போது அவள் புருஷன் வேம்புலி திருமழிசையில் ஒரு கம்பெனிக்குப் போகிறான், அவள் இந்தக் குடியிருப்பில் நான்கு வீடு பார்க்கிறாள். சுப்பராயன் வீட்டுக்கு வந்து நான்கு வருஷமாகிறது. அவள் தரை துடைக்க வரும்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காலைத் தூக்குவார், கண்ணைத் தூக்கமாட்டார்.

போகியன்று விடியும் முன்பே ஆவடி முழுக்கப் புகைய ஆரம்பித்தது. தெருவுக்குத் தெரு பிள்ளைகள் மேளம் தட்டினார்கள். டயர் எரிந்த இடத்தில் கரும்புகை, பாய் எரிந்த இடத்தில் பழுப்புப் புகை. சுப்பராயன் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, இந்த ஜனங்களைத் திட்டியபடியே ஏரிக்கு வந்தார். வந்தவர் நின்றுவிட்டார்.

எதிரே மதகோரத்திலிருந்து வெண்மையாக ஏதோ ஒன்று தண்ணீரின் மேல் இறங்கிப் பரவிக்கொண்டிருந்தது. காற்று அசையாததால் அது எழும்பவில்லை. தாமரை இலைகளை மூடி, படகுத்துறையை மூடி, ஏரியையே ஒரு பள்ளத்தாக்கு ஆக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சூரியன் வெளிறிப்போய் வந்தது. இந்த மனிதரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த நிமிஷம் அவர் கேமராவையே மறந்துவிட்டார்.

அது என்னவென்று அவருக்குத் தெரியாமலில்லை. போகியன்று ஏரிக்கரையில் வெள்ளையாகக் கிளம்புவது என்னவென்று சென்னையில் நாற்பது வருஷம் இருந்தவருக்குத் தெரியாதா? 'பனியும் கலந்துதானே இருக்கு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டு முடிப்பதற்குள் நம்பியும் விட்டார்.

ஒரே ஒரு இடைஞ்சல். வெண்மைக்கு நடுவே, மதகின் மேல், யாரோ ஒருத்தி குனிந்து நின்றாள். தலையில் சிவப்பாக என்னவோ.

"ஏம்மா, தள்ளிப் போ" என்று இந்தக் கரையிலிருந்து கத்தினார். "ஏய், உன்னைத்தான்."

அவள் நிமிர்ந்து, அவர் பக்கம் திரும்பி, ஒரு கையை மேலே தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். வெளிச்சம் போய்விடும் என்ற ஆத்திரத்தில் சுப்பராயன் அவளை வைத்தே படத்தை எடுத்துத் தொலைத்தார். பிறகு அவளை அழிக்கக் கம்ப்யூட்டரில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். அவருக்கு அந்த வித்தை வரவில்லை. வேறு வழியில்லாமல் அப்படியே அனுப்பினார். 'உறைபனியில் ஓர் ஏரி' என்று தலைப்பு வைத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் படம் சுவரில் ஏறியது. அதுவும் முதல் பரிசோடு, நட்டநடுவில். நடுவராக வந்த அழகேசன் ஆவடியில் முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். "ஐயா, இதுல குளிர் இருக்கறதே அந்தச் சிவப்புப் புள்ளியாலதான். அந்த ஆளும் அந்தக் கையும் இல்லேன்னா இது வெறும் வெள்ளைக் காகிதம்" என்றார்.

"அது யோசிச்சு வெச்சது" என்றார் சுப்பராயன், கூசாமல்.

ஸ்வாதி மைக்கை நீட்டி, இதற்கு உந்துதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சுப்பராயன் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த ஊர்க்காரர்களுக்குப் பனியைப் பார்க்கும் கண் இல்லை என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் மணாலியைப் பேசினார். "அங்க நான் எடுத்த இருநூத்திப் பதினாறு படம் என் பரண்ல இருக்கு. அதுங்க இல்லேன்னா இந்தப் படமே இல்ல" என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் சரசா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போண்டாத் தட்டோடு வரிசை வரிசையாக வந்த அங்கம்மா, நடுப்படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"சார், இது நான்தான்" என்றாள்.

"அது வேற யாரோம்மா. நீ போய்த் தட்டைக் குடு" என்றார் சுப்பராயன்.

"இன்னா சார், என்னை எனக்குத் தெரியாதா? இத பாருங்க, அம்மா குடுத்த குல்லா தலையில கீது. போகி அன்னிக்கு நீங்க அந்தாண்ட நின்னுகினு கூப்ட்டீங்க. இன்னா சொல்றீங்கன்னு கேக்கல. சார் நம்மள பாத்துட்டு கூப்புடுறாரேன்னு கை தூக்கினேன். எத்தினி நேரம் தூக்கிகினு நின்னேன் தெரியுமா?"

அழகேசன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, படத்தில் மதகோரத்தைத் தொட்டுக் காட்டினார். "அப்போ இந்த வெள்ளை?"

"பொகைதான் சார். ஒரு கோணி போட்டோ. ஈரமா இருந்துச்சா, லேசுல எரியல. காலம்பற எட்டு வரிக்கும் பொகைஞ்சிகினே கெடந்துச்சு. இவங்க ஊட்டு பரண்ல இருந்ததுதான்" என்று சுப்பராயனைக் காட்டினாள். அவள் முகத்தில் துளி வஞ்சமில்லை.

முதலில் ஒருவர்தான் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. பதினோரு வருஷமாக இரண்டாவது மாடியில் இறங்கியவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். சுப்பராயன் சரசாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

படத்தை இறக்கவேண்டாம் என்று அழகேசன் சொல்லிவிட்டார். நல்ல படம் நல்ல படம்தான், தலைப்பை மட்டும் மாற்றினால் போதும் என்றார். ஸ்வாதி அங்கேயே அட்டையை எடுத்துத் திருத்தி எழுதினாள். 'போகிக் காலை, அங்கம்மா' என்று மேலே பெரிதாக வந்தது. எடுத்தவர் பெயர் கீழே வந்தது. அங்கம்மா அதன் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "சார், பொண்ணு கவிப்பிரியாவுக்கு காட்டணும், ஒரு காப்பி போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டாள். சுப்பராயன் அதற்குள் படியேறிக்கொண்டிருந்தார். லிஃப்டில் கூட்டம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணைப் பார்த்தார். கோணி இருந்த இடத்தில் ஒரு சதுரம் மட்டும் தூசியில்லாமல் இருந்தது.

"என்னைக் கேக்காம என் உழைப்பை எரிச்சுட்டியே" என்று மேலே நின்றபடியே கத்தினார்.

"ரெண்டு தடவை கேட்டேன்" என்றாள் சரசா. அவள் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "இன்னியோட பதிமூணு நாளாச்சு. ஒரு தடவையாவது தேடினீங்களா?"

சுப்பராயன் கீழே இறங்கவில்லை. அந்த இருநூற்றுப் பதினாறில் ஒரே ஒரு படத்தையாவது நினைவுக்குக் கொண்டுவந்து, அது எப்பேர்ப்பட்ட படம் தெரியுமா என்று அவளுக்குச் சொல்லிவிடப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தேடினார். வெள்ளையாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தேடியபோது, அந்த வெள்ளைக்கு நடுவே மதகின் மேல் ஒருத்தி, இவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி, கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தாள்.