திறக்காத உறை

எண்பதுகளின் நடுவில், கிழக்கு லண்டன் கல்லூரி ஒன்றின் விளையாட்டு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமைத் தபாலில், எங்கள் தமிழ்ச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்த படம் ஒன்று வந்தது. எங்கள் ஊர்க்காரர் நடத்திய பாராட்டு விழாவில், எங்கள் கல்லூரியின் எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி வசந்தி பொன்னாடையுடன் மேடையில் நின்றாள். ஃபாரஸ்ட் கேட்டில் மளிகைக்கடை வைத்திருந்த குலம் அண்ணை அவளுக்கு ஓர் உறையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் கைதட்டிய பெண் நான்தான்.

அனுப்பியவர் எதிரணிக் கல்லூரியின் பயிற்சியாளர். ‘பணம் வாங்கியவர் அமெச்சூர் அல்ல’ என்று ஒரே வரி எழுதியிருந்தார். ஊதியம் வாங்காமல் விளையாடும் அமெச்சூர்களுக்கு மட்டுமே அன்று கல்லூரிப் போட்டிகளில் இடம். வியாழக்கிழமை தடகளச் சங்கத்தின் விசாரணை, சனிக்கிழமை இறுதிப்போட்டி. குற்றம் உறுதியானால் வசந்தி இனி எந்தக் கல்லூரிப் போட்டியிலும் ஓட முடியாது.

பொன்னாடை போர்த்தும்போது கூடவே ஓர் உறை கொடுப்பது எங்களுக்கு மரியாதை. விதிப்புத்தகத்துக்கு அது ஊதியம். அந்த மண்டபத்தில் இதை அறிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்தி. எனக்கும் அன்று தோன்றவில்லை.

குலம் அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“அந்தப் பிள்ளை என்ர கடையில பின்னேர ஷிப்ட் நிண்டு அரிசி மூட்டை தூக்குது. அதுக்குச் சம்பளம் குடுத்தாப் பிழையில்லை, ஓடச் சப்பாத்து வாங்கக் குடுத்தாப் பிழையோ? என்ன விசர்ச் சட்டம், தங்கச்சி!”

மதிய இடைவேளைகளில் விதிப்புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தேன். கடைசிப் பக்கங்களில் வழி இருந்தது. அன்பளிப்புப் பணத்தை, வீரர் தொடுவதற்கு முன் தடகளச் சங்கத்தின் அறக்கட்டளை நிதியில் சேர்த்தால் குற்றமில்லை. பயிற்சிச் செலவுக்கு அதிலிருந்து பெறலாம். ஆனால் விழா முடிந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. தயங்கியபடி வசந்தியைக் கேட்டேன்.

“காசு செலவழிச்சுப்போட்டியோ?”

“உறையைத் திறக்கவேயில்லை, அக்கா. அம்மா சாமிப் படத்துக்கு முன்னால வைச்சிட்டா. ஃபைனல் முடியாமல் தொடக் கூடாதெண்டு சொல்லிப்போட்டா.”

“அப்ப சப்பாத்து?”

“பழசுதான். விரல் வெளியில எட்டிப் பாக்குது.”

விசாரணையில் சங்கத் தலைவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. மேலே குங்குமம் மட்டும் படிந்திருந்தது.

“மூன்று வாரமா? என்னால் மூன்று நிமிடம் பொறுத்திருக்க முடியாது” என்றார்.

“நீங்கள் என் அம்மாவைச் சந்தித்ததில்லை” என்றாள் வசந்தி. புகார் அனுப்பிய பயிற்சியாளர்கூடச் சிரித்துவிட்டார். தலைவர் நிதிப் படிவத்தை எடுத்துக் கையெழுத்திட்டார்.

சனிக்கிழமை, விரல் தெரிந்த அந்தச் சப்பாத்துடன், கடைசி நூறு மீட்டரில் மூவரைக் கடந்து வசந்தி முதலாவதாக வந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த குலம் அண்ணை இன்னோர் உறையை நீட்டினார். இம்முறை என்னிடம்.

“நிதியின்ர பேரை எழுதியிருக்கிறன். சரியோ எண்டு பார், தங்கச்சி.”

விதிப்புத்தகத்தை விசாரணைக்காக அல்ல, விழாவுக்கு முன்பே படித்திருக்க வேண்டும். இது நான் கற்றது. தொண்ணூறுகளில் அந்தத் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. காசு கொடுத்தால் விளையாட்டின் மீதுள்ள விருப்பம் கெட்டுவிடும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: அந்த நிதியில் வாங்கிய புதுச் சப்பாத்துடன் அடுத்த பருவத்தில் வசந்தி இரண்டு வினாடி குறைத்து ஓடினாள்.