கண்ணாயி கழுவிவிட்ட மண்

எங்கள் மலையில், மஞ்சக்குட்டையில், நர்சரி மிளகுக்கொடி நட்ட தோட்டத்திலெல்லாம் வாடல் நோய் வந்தது. கண்ணாயி தோட்டத்திலும், அவரிடம் கொடி வாங்கி நட்டவர்கள் தோட்டத்திலும் மட்டும் ஒரு இலைகூட வாடவில்லை. கண்ணாயிக்கு ஐம்பத்தைந்து வயது. புருஷன் போன பிறகு ஒண்டியாக ஒன்றரை ஏக்கரைப் பார்க்கிறவர். நான் ஜீப் ஓட்டுகிறவன். என்னிடம் பத்து ரூபாய் குறைக்காமல் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை.

விஷயம் பரவி, போன வருடம் பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிரை வைத்துப் பயிருக்கு மருந்து செய்கிறவர்கள். வேர்விட்ட கொடி இருபது கேட்டார்கள். எங்கள் பக்கம் கொடி கொடுத்தால் தாய்க்கொடி அடியிலிருந்து ஒரு பிடி மண்ணும் சேர்த்துத்தான் கொடுப்போம். படித்தவர்களுக்குச் சேறோடு கொடுப்பது மரியாதையில்லை என்று, கண்ணாயி வேரை நன்றாகக் கழுவி வாழையிலையில் சுற்றிக் கொடுத்துவிட்டார். அத்தனையும் செத்துப்போனதாகப் பிறகு தகவல் வந்தது.

"மண்ணக் கழுவி ஊத்திப்போட்டனே தம்பி," என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

இந்த ஆடியில் அந்தக் கம்பெனி அதிகாரி சந்திரசேகர் பத்திரத்தோடு வந்தார். ஐந்து லட்சம். ஆனால் இருபது வருடத்துக்குக் கொடியையோ வளர்க்கும் முறையையோ வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரி. நான் எட்டாவதுதான். அந்த வரியை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கண்ணாயி முகம் கறுத்துவிட்டது. நாகலூரில் கட்டிக்கொடுத்த மகள் சசிகலா வீட்டுத் தோட்டத்திலும் அந்த மாதம்தான் நர்சரிக் கொடி வாட ஆரம்பித்திருந்தது.

"ஏனுங்க சார், எம்புள்ளைக்குக் கூடக் குடுக்கக்கூடாதுங்களா?"

"எல்லார்கிட்டயும் இருந்தா மதிப்பு இல்லம்மா. ரகசியத்துக்குத்தான் இந்த விலை."

"உங்ககிட்ட இருபது கொடி இருந்துச்சே, அதுக்கு என்னங்க மதிப்பு?"

சந்திரசேகர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பொழைக்க வெக்கிற வழி எனக்குத் தெரியுமுங்க. அந்த வரிய அடிங்க, சொல்றேன். இல்லாட்டி டீயக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மேட்டுக்குப் போனார். அரை மணி நேரம் கண்ணாயி அசையவே இல்லை. நான்தான் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

திரும்பி வந்தவர், "மலைக்காரங்க உங்களுக்குள்ள குடுத்துக்கலாம். வேற கம்பெனிக்கு மட்டும் கூடாது. ஆனா மூணு லட்சம்தான்," என்றார்.

"நாலு."

"சரிம்மா."

சந்திரசேகர் வரியை அடித்துப் புதிதாக எழுத, நான் படித்துச் சொன்ன பிறகே கண்ணாயி கையெழுத்துப் போட்டார். அப்புறம் தாய்க்கொடி அடியில் ஒரு பிடி மண் அள்ளி அவர் கையில் வைத்தார்.

"இந்த மண்ணுல இருக்குற உயிராம்மா? இதுக்கா ஒரு வருஷம் மண்டைய ஒடைச்சோம்?"

"நானுந்தானுங்க அதக் கழுவி ஊத்துனேன்!"

அன்றைக்கே முப்பது கொடியை மண்ணோடு ஜீப்பில் ஏற்றி நாகலூர் போனோம். "இப்பத்தான் தம்பி மூச்சு வருது," என்று சீட்டில் சாய்ந்தவர், வாடகையைக் குறைக்கச் சொல்லவே மறந்துவிட்டார். சீட்டெல்லாம் சேறு.